வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சூழல் அறிவியல்

கேரளத்தின் சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்திலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதாகும்போது அவர்களிடம் ஒரு கேள்வி எழுகிறது: "கல்லூரித் தரத்தில் சூழல் அறிவியல் படிக்க ஆசைப்படுகிறாள், ஆன்லைனில் எதில் சேர்ப்பது?"

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பாடம் வேறு, அதைப் படித்ததற்கான அத்தாட்சி வேறு. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கின்றன. நீங்கள் அப்படி வாங்க வேண்டியதில்லை.

அத்தாட்சிக்கு நம் நாட்டில் நேரான வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். என்ஐஓஎஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1989இல் தொடங்கியது, மத்திய அரசுடையது. பத்தாம் வகுப்பு முடித்து 15 வயது நிறைந்தவர்கள் அதன் பிளஸ் டூ நிலையில் சேரலாம். அங்கே சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது, பாட எண் 333. பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். பாடநூல்கள் இணையத்தில் இலவசம். 2017இல் வந்த ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணைய வகுப்புத் தளத்திலும் என்ஐஓஎஸ் பாடங்கள் கிடைக்கின்றன. வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளை அசட்டையாக விடாதீர்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

இங்கேதான் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. சூழல் அறிவியலை எடுத்தால் உயிரியல் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். காட்டின் மேல் ஆசை உள்ள பிள்ளை பிற்பாடு வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரியில் சேர விரும்பினால், கேரளத்தில் அந்த இடங்கள் நீட் தரவரிசையை வைத்தே நிரப்பப்படுகின்றன. நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் அங்கும் அறிவியல் பாடங்கள் இல்லாமல் நுழைய முடியாது. ஆகவே சூழல் அறிவியலை உயிரியலோடு சேர்த்து எடுங்கள், உயிரியலுக்கு மாற்றாக எடுக்காதீர்கள். ரேஷன் கார்டு கேரளத்திலும் சொந்தபந்தம் தேனியிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும் வீடுகள், எந்த மாநிலக் கல்லூரி என்பதை முன்கூட்டியே பேசி, இருப்பிடச் சான்றுகளையும் அதற்கேற்ப எடுத்துவைப்பது நல்லது.

அமெரிக்கக் கல்லூரி வாரியம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் கல்லூரித் தரத் தேர்வான ஏ.பி. சூழல் அறிவியல் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். தேர்வு மே மாதம் நடக்கும். வெளி மாணவரை ஏற்கும் மையத்தை முந்தின ஆண்டு இலையுதிர் காலத்துக்குள்ளேயே தேடிப் பிடிக்க வேண்டும், கட்டணம் டாலரில். நேரலை வகுப்பு என்றால் நியூயார்க்கின் மாலை ஏழு மணி நமக்கு விடிகாலை. ஆனால் அந்தத் தேர்வின் அமைப்பு எனக்குப் பிடிக்கும். கொள்குறி வினாக்கள் 80, விரிவாக எழுத வேண்டியவை 3. அந்த மூன்றில் ஒன்று, ஒரு ஆய்வைத் திட்டமிடச் சொல்லும், இன்னொன்றில் கணக்குப் போட வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டுகளின் விரிவான வினாக்கள் கல்லூரி வாரியத்தின் தளத்தில் சும்மா கிடைக்கின்றன. தேர்வு எழுதாவிட்டாலும் அவற்றை இறக்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரித் தரப் பாடத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, இந்தியாவின் எல்லா இளநிலைப் பட்டப்படிப்புகளுக்கும் சூழலியல் கட்டாயப் பாடமானது. அதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு எராக் பருச்சாவை எழுதச் சொல்லி வெளியிட்ட ஆங்கிலப் பாடநூல் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பாடத்திட்டத்தின் கடைசி அலகு களப்பணி. கல்லூரிகளில் பெரும்பாலும் ஒப்புக்கு முடிக்கப்படும் பகுதி அது. உங்கள் பிள்ளை அதிலிருந்தே தொடங்கட்டும். திரையில் வரும் எந்த வகுப்பும் தர முடியாதது அதுதான், அதற்கு உங்கள் ஊரைவிடத் தோதான இடமும் அரிது.

மூணாறிலிருந்து மறையூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மூணாறில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மறையூர் தாண்டிச் சின்னாறில் சுமார் 500தான். மலை ஒரு பக்கம் மழையை வாங்கிக்கொண்டு மறுபக்கத்தை வறளவிடும் மழைமறைவைப் படம் போட்டு விளக்குகிறது புத்தகம். இங்கே பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்: தேயிலை முடிந்து சந்தனம் வரும், பிறகு முள்மரம். பாலக்காட்டிலும் அப்படித்தான். கணவாய்க் காற்று வீசும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து வறட்சியைப் பார்த்தவர்கள் இதைக் கேரளம் என்று நம்ப மாட்டார்கள்.

முதல் வேலை மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள பாட்டில் அல்லது டப்பா, ஒரு ஸ்கேல், கூரையும் மரமும் மறைக்காத இடம். இவ்வளவு போதும். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் விழுந்தால் 500 லிட்டர். இந்தக் கணக்கு கைக்கு வந்த பிள்ளைக்கு நீரியல் பாடம் பாதி முடிந்த மாதிரி.

சித்தூர் பக்கத்தில் அடுத்தது கிணறு. தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதைக் கயிறு விட்டு மாதம் ஒரு முறை, ஒரே தேதியில் அளக்கலாம். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. ஆனால் மீட்டர் சொல்வது மொத்த உப்பைத்தான், பூச்சிமருந்தையோ கிருமியையோ அது காட்டாது. மீட்டரில் 300 வந்துவிட்டது, தண்ணீர் சுத்தம் என்று பிள்ளை எழுதினால் அங்கேயே திருத்துங்கள்.

அளவோடு நிறுத்தாமல் பிளாச்சிமடையைப் படிக்கச் சொல்லுங்கள். பெருமாட்டி ஊராட்சியில் கோகோ கோலா ஆலை 2000இல் தொடங்கியது, அது நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து 2002 ஏப்ரலில் போராட்டம், 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இடையில் 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. 2010இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு ஊருக்கு ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. ஒரே கிணற்றடியிலிருந்து இவ்வளவு வேறுபட்ட முடிவுகள் எப்படி வந்தன? இதற்கு இரண்டு பக்கம் எழுதவைத்தால், ஏ.பி. தேர்வு கேட்கும் 'பிரச்சினையை ஆய்ந்து தீர்வு சொல்' வினாவுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவின் பெயர் அதில் வராவிட்டால் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு மண். இரு பக்கமும் வெட்டிய தகர டப்பாவை நாலு விரல் மண்ணில் இறக்கி, அளந்த தண்ணீரை ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவில், கிராண்டிஸ் யூக்கலிப்டஸ் மரத்தடியில், வீட்டுத் தோட்டத்தில் என மூன்று இடங்களிலும் செய்தால் ஒப்பிடலாம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவையாவது செய்து சராசரி எடுப்பது அவசியம். நிலச்சரிவுப் பாடம் இதிலிருந்து தானாக வரும். மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர்கள். லயங்களில் வளரும் பிள்ளைக்கு அது வெறும் பாடமல்ல. அந்தப் பேச்சை எடுப்பதா வேண்டாமா என்பதை வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும்.

சில எச்சரிக்கைகள். இரவிகுளம், சின்னாறு, பறம்பிக்குளம் எல்லைக்குள் இலை, இறகு, கல் எதையும் எடுக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் பிள்ளை என்று பார்க்காது. ஏலத்தோட்டத்தில் கிடக்கும் காலிப் பூச்சிமருந்து டப்பாவை ஆய்வுக்கென்று தொடவிடாதீர்கள். மரங்களைக் கவனிக்க வேண்டுமானால் வீட்டு மாமரமோ பலாவோ போதும். வாரம் ஒரு முறை துளிர், பூ, காய் பார்த்துப் பதிய சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, கேரளப் பள்ளிப் பிள்ளைகள் அதில் ஏராளம்.

எஸ்டேட்டில் சிக்னல் நிற்காது. பதிவிறக்கிப் பார்க்க முடியாத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். குறிப்பேட்டைப் பிள்ளை தமிழிலேயே எழுதலாம், தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்களை ஓரத்தில் சேர்த்துக்கொண்டால் போதும். தேதி, நேரம், இடம், யார் அளந்தது ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். தவறாக எழுதிய எண்ணை அழிக்காமல் கோடிட்டு அடிக்கட்டும். நேர்முகத்தில் ஆன்லைன் சான்றிதழ்களை நகர்த்திவைத்துவிட்டு இந்த நோட்டைப் புரட்டும் பேராசிரியர்கள் உண்டு.

மூணாறு, பீர்மேட்டுக்காரர்கள் மழைமானியை மே கடைசிக்குள் வைத்துவிடுங்கள். மறையூர், காந்தளூர்க்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம், செப்டம்பர் வரை நேரம் இருக்கிறது.