மூன்றில் எதைக் கொடுப்பது?

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் லைசென்ஸில் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்று 1983 முதல் இருந்துவந்த வரம்பு இரண்டாகக் குறைந்தது. மசோதாவில் முதலில் ஒன்று என்றுதான் போட்டிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே இரண்டு ஆக்கினார்கள். மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்றார்கள்.

அடுத்த வருஷம் கொரோனாவில் எங்கள் ரைஃபிள் கிளப் மூடிக் கிடந்தபோதும் போனில் இதே பேச்சுதான். "அண்ணே, எதைக் குடுக்கறதுன்னு தெரியல, நீங்களே ஒண்ணு சொல்லிருங்க" என்று கேட்டவர்களில் பலர் பரம்பரையாகத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துக்காரர்கள். உனக்குப் பிடித்த துப்பாக்கி எது என்று சும்மா கேட்டால் எல்லாரும் பெரிய பெயராகச் சொல்வார்கள். ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்தபோதுதான் யாருக்கு எதன் மேல் உண்மையான பிரியம் என்று தெரிந்தது. நான் பார்த்தவரை பலமானதைத்தான் முதலில் கொடுத்தார்கள். பழசும் சாதாரணமுமானவை வீட்டிலேயே தங்கின.

என்னிடம் இருந்தவை மூன்று. தாத்தா வாங்கிய வெப்லி அண்ட் ஸ்காட் இரட்டைக்குழல் 12 போர். அப்பா வாங்கிய, அரசு ஆயுதத் தொழிற்சாலை (ஐஓஎஃப்) செய்த .315 ரைஃபிள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ மாடல் 2, அது .22.

.315-ஐத்தான் கொடுத்தேன். அந்தத் துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில், ராணுவம் சுடுகிற .303 தோட்டா பொதுஜனத்தின் கைக்குப் போய்விடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதனால் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் வேறு அளவுக் குழலைப் பூட்டியதுதான் இந்த ரகம். இஷாப்பூரில் செய்தது. மழையோ தூசியோ பார்க்காமல் போல்ட் ஓடும். ஆனால் அதை எங்கே கொண்டுபோய்ச் சுடுவது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை கொஞ்சம் கொஞ்சமாக முடிந்துவிட்டது. கிலோமீட்டர் கணக்கில் பறக்கிற தோட்டாவைத் தாங்கும் மண்மேடு உள்ள ரேஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப உள்ளே வைப்பது மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. .30-06 வைத்திருந்த நண்பருக்கும் இதே கதை. இரண்டு பேருமே அவ்வளவாக வருத்தப்படவில்லை என்பது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெப்லியை ஏன் விடவில்லை என்று கேட்டால், தாத்தா ஞாபகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. அந்தத் துப்பாக்கி எனக்குப் பொருந்துகிறது. கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அதன் நுனியில் முன்குமிழ் நடுவாக உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டை முழுக்க மேலேறித் தெரிந்தால் கட்டை உங்களுக்கு உயரம். பட்டை தெரியாமல் பூட்டின் பின்பக்கம் கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தால் கட்டையின் வளைவு உங்கள் முகத்துக்கு ஒத்துவரவில்லை. ரைஃபிளில் நின்று நிதானித்துக் குறி பார்க்க நேரம் இருக்கிறது. பறக்கிற களிமண் தட்டைச் சுடுகிறவனுக்கு அந்த நேரம் கிடையாது. அவனுக்குக் கண்ணேதான் பின்குறி. அதனால் பழைய இரட்டைக்குழல் ஒன்றை வாங்கப் போகிறவர்களிடம், விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள் என்பேன்.

பொருந்தாத கட்டையைத் திருத்தலாம். அதற்காக உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்து அறுத்துவிடக் கூடாது. இங்கிலாந்திலிருந்து வந்தவற்றில் பல, நீளக் கைக்காரர்களுக்காகச் செய்தவை. நம் ஆட்களுக்கு அரை அங்குலம் குறைத்தாலே ஏந்துவது மாறிவிடும். குறைப்பதானால் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், வெட்டிய துண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உயரமான பேரனுக்குப் போகும்போது அதே மரத்தை ஒட்டிக்கொள்ளலாம், ரேகையும் சேரும்.

இந்த பிரிட்டிஷ் இரட்டைக்குழல்களுக்கு நம் நாட்டில் மவுசு குறையாததற்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் நடுவிலிருந்து பொதுமக்களுக்கான இறக்குமதி நின்றுவிட்டது. வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதி இருப்பதெல்லாம் பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்குத்தான். பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் 1979-லேயே துப்பாக்கி செய்வதை நிறுத்திவிட்டது. இருப்பதுதான் இருப்பு. அதனால் விலை சொல்கிறவர் வாயில் வந்ததைச் சொல்வார், பெயரைக் கேட்டே மயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். குழலில் பொறித்த பெயரை விட அதன் அடியில் இருக்கும் முத்திரைதான் முக்கியம். முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் திருப்பினால் சோதனைச் சாலை அடித்த குறிகள் இருக்கும். நைட்ரோ தோட்டாவுக்குச் சோதித்ததா, கரிமருந்துக்கு மட்டுமா என்று அதில் தெரியும். தோட்டா அறை இரண்டரை அங்குலமா இரண்டேமுக்காலா என்பதும் சிலவற்றில் பொறித்திருக்கும். சிறிய அறையில் நீளத் தோட்டா உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. வெடித்த பிறகு வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். குழலில் பாம்புத்தோல் மாதிரி வரி ஓடினால் அது டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த பழைய வேலைப்பாடு அது. சுவரில் மாட்டுங்கள், இன்றைய தோட்டா போட்டுச் சுட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் வயதான பாய் ஒருவர் இருந்தார். குழலைத் தனியே கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் ஒரு விரலை நுழைத்துத் தொங்கவிடுவார். மறு கையின் விரல் முட்டியால் ஒரு தட்டு. 'ணங்' என்று நீளமாக ஓசை வந்தால், இரண்டு குழலையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டையின் ஈயப்பற்று இறுக்கமாக இருக்கிறது. 'டொக்' என்று அங்கேயே செத்துவிட்டால் எங்கேயோ விட்டிருக்கிறது. "பேர் இங்கிலீஷ்ல இருக்கு தம்பி, சத்தம் ஓட்ட அண்டா மாதிரி இருக்கே" என்று அவர் ஒருமுறை சொன்னதைக் கேட்டு, முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் குழலை வெளிச்சம் படும் வெள்ளைச் சுவரின் பக்கம் நீட்டிப் பார்க்கச் சொல்வார். உள்ளே வட்ட வட்டமாக நிழல் வளையங்கள் தெரியும். வளையம் எங்காவது நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது; பொட்டுப் பொட்டாகக் கறுத்திருந்தால் துரு அரித்திருக்கிறது. கடைசியாக, முன்கட்டை இல்லாமல் குழலை மட்டும் பூட்டி மூடி, மெதுவாக ஆட்டுவார். துளி ஆட்டம் இருந்தாலும் விலை பாதி.

இரண்டு விசை எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முன்விசைக்கு வலக்குழல், பின்விசைக்கு இடக்குழல். வலக்குழலின் வாய் சற்று அகலம், ரவை சீக்கிரம் விரியும்; இடக்குழல் குறுகல், தூரத்துக்குச் சேர்ந்தே போகும். தட்டு பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று விரல் பார்த்துக்கொள்ளும், கண் யோசிக்க வேண்டியதில்லை. திருச்சியில் செய்யும் பம்ப் ஆக்ஷன் வைத்திருப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தோட்டா எண்ணிக்கை அதிகம் என்பார்கள். அவர்கள் ரசனை அது, விட்டுவிடலாம்.

வேட்டைக் காலத்துப் பெரிய மனிதர்களிடமும் இந்தக் கணக்குதான் ஓடியிருக்கிறது. ஜிம் கார்பெட்டிடம் பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள்கள் இருந்தன. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்னவோ சின்ன .275 ரிக்பிதான். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் கொடுத்த பரிசு அது. மலையேறும் ஆளுக்குத் தோளில் கனக்காத, போல்ட் வழுக்கி ஓடும் மவுசர் ரகம். நம் பக்கத்துக் காடுகளில், ஜவளகிரியிலும் சேலம் மாவட்டத்திலும் ஆட்கொல்லிகளின் பின்னால் அலைந்த கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர். விசைக்குக் கீழிருக்கும் நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது. அது கனமான ரகம், தோளில் நன்றாக உதைக்கும். ஆனாலும் அவர் கைக்கு அது பழகிவிட்டிருந்தது. இருவரும் மாற்றிக்கொண்டிருந்தால் இருவருக்குமே சிரமம்தான்.

கடைசி சில வருஷங்களாக நான் அதிகம் எடுப்பது பிர்னோவைத்தான். உதைப்பே கிடையாது, ஐந்து தோட்டா மேகசின், தோட்டாவும் மற்றவற்றை விட மலிவு. ஐம்பது மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். அதற்குள் போடக் கற்றுக்கொண்டவருக்கு மற்றத் துப்பாக்கிகள் சுலபம். பெரிய குழல் துப்பாக்கியில் ஆரம்பித்தவர்கள் வெடிச் சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பார்கள், கூடவே கண்ணையும் மூடிக்கொள்வார்கள். அதை மாற்ற வருஷங்கள் ஆகும். கிளப்பில் பிள்ளைகள் ஏர் ரைஃபிளில் தொடங்குவது அதனால்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதில் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர் பொட்டு. இன்றைய போட்டி ரைஃபிளைப் பாருங்கள், கன்னப்பட்டை, தோள்பட்டை, கைப்பிடி எல்லாம் திருகாணியில் ஏறும் இறங்கும். கைவினைஞர் ஒரு ஆளை அளவெடுத்துச் செய்ததை இப்போது அவரவரே திருகிச் செய்துகொள்கிறார்கள். பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் அதை விற்க மனசில்லாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. அது ஸ்பிரிங் ரகம், பக்கவாட்டு நெம்புகோலை இழுத்தால் போதும். காற்று அடைக்க சிலிண்டர் தேடிப் போக வேண்டாம். சுடும்போது மேல்பாகம் மட்டும் தண்டவாளத்தில் பின்னால் நகர்ந்துவிடுவதால் கன்னத்தில் அதிர்ச்சி தெரியாது. 4.5 மில்லிமீட்டர் வரை, 20 ஜூல் சக்திக்குள் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு கொக்கையும் புறாவையும் குறி பார்த்தால் வனவிலங்குச் சட்டம் வரும், பெற்றோர்கள் கவனிக்க.

வைத்திருப்பதில்தான் பாதித் துப்பாக்கி போகிறது. தேர்தல் அறிவித்தவுடன் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்பி வரும்போது துருவோடு வரும். ஒருமுறை என் வெப்லி, ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் சாத்தி வைத்தபடியே கிடந்தது. இப்போது ஒப்படைக்கும் முன் குழலின் உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, காற்றுப் புகும் பருத்தி உறையில் போட்டு, வரிசை எண்ணும் அன்றைய நிலைமையும் எழுதிய ரசீதில் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். தோல் உறையிலும் பிளாஸ்டிக்கிலும் ஈரம் தங்கும். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக ஆகப் பிசினாகி விசைக்குள் ஒட்டும். ஆயுத பூஜைச் சந்தனத்தைக் கட்டையில் வையுங்கள், குழலில் வைத்த இடம் ஒரு வாரத்தில் சிவக்கும்.

திரும்ப எடுக்கும்போது முதலில் குழலுக்குள் பார்த்துவிடுங்கள். கிரீஸ் கட்டியாக நிற்கும். குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன். அந்த அடைப்போடு சுட்டால் குழல் பிளந்து இடக்கையைக் கொண்டுபோய்விடும். 12 போரும் 20 போரும் சேர்ந்து இருக்கும் வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. 20 போர்த் தோட்டா 12 போரின் அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் பின்னால் இன்னொன்றைப் போட்டுவிடுவார்கள். பல கம்பெனிகள் 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் உறை போடுவது இதனால்தான். மூன்றில் எதைக் கொடுப்பது என்று கேட்ட ஒருவருக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னது இந்த ஒரு இடத்தில்தான்: இருபதைக் கொடுங்கள்.

இனி அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும் என்பது. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமையாளருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் இருபத்தைந்து வருஷம் இருந்தாலோ, அவர் காலத்திலேயே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். செத்த பிறகு கலெக்டர் ஆபீஸுக்குப் பிள்ளைகள் அலைவதை விட இது மேல். என் மகள் கிளப்பில் சுடுகிறவள். பிர்னோவை எழுதிக் கொடுங்கப்பா என்று இப்போதே கேட்டுவிட்டாள். வெப்லியை அவள் தூக்கிப் பார்த்துவிட்டு "கட்டை ஒரு இஞ்ச் நீளம்ப்பா" என்றாள். அறுக்க எனக்கு மனம் வரவில்லை. அறுக்காமல் அது அவளுக்கு உதவாது. விண்ணப்பத்தில் அந்த ஒரு இடத்தை இன்னும் நிரப்பவில்லை.