அவையஞ்சாமையும் கூத்துக் களரியும்

திருவள்ளுவர் அவையறிதலை 72 ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். கேட்போரை அறிந்த பின்னரே அச்சம் நீங்கும் என்பது இவ்வைப்புமுறையால் நாம் உணரத்தக்கது. நம் மாணவர்க்கு அவ்வறிவு எங்ஙனம் உண்டாவது?

படுவான்கரையிலிருந்து வரும் மாணவர் சிலரை நாம் அறிவோம். ஊர்க்கூத்திலே அருச்சுனனாக வந்து விடியுமட்டும் களரி அதிர ஆடிப் பாடுபவர், பாடசாலை மேடையில் "தலைவர் அவர்களே" என்றதும் நாவுலர்ந்து நிற்கின்றனர். நேர்முகப் பரீட்சையிலும் இதே நிலைதான். விடை தெரிந்திருந்தும் வாய்திறவாது உத்தியோகத்தை இழந்தோர் உளர். இவர்களுக்குக் குரல் இல்லை என்று சொல்லலாகுமோ?

வேறுபாடு பழக்கும் முறையிலேயே உள்ளது. அண்ணாவியார் முதலிலே சட்டம் கொடுக்கின்றார். அதாவது அவரவர்க்குரிய பாட்டையும் வசனத்தையும் பங்கிட்டு அளிக்கின்றார். அன்றுதொட்டு மத்தள ஒலிக்கு இணங்க, பிறர் காணவே, வாய்விட்டுப் பழகுதல் வேண்டும். கிழமைக்கூத்து, சதங்கை அணி, அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்தே அரங்கேற்றம் வரும். அவ்விரவிலே களரியைச் சூழ்ந்திருப்போருட் பலர், அவன் தவறியதையும் திருந்தியதையும் முன்னரே கண்டவர்கள். அடி மறந்தாலும் பக்கப்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பர், ஆட்டம் நில்லாது.

நம் பேச்சுப்போட்டியில் நிகழ்வது யாது? யாரோ எழுதிக்கொடுத்த உரையை முதல்நாள் இரவு தனித்திருந்து மனத்துள் உருப்போடுகின்றான். மறுநாள் சபை முழுவதற்கும் முன்னே முதன்முறையாகத் தன் குரலையே கேட்கின்றான். ஒரு சொல் தவறினால் சிரிப்பொலி எழுகின்றது. அஞ்சாது என் செய்வான்?

யாழ்ப்பாணத்திலே ஆறுமுகநாவலர் 1847 டிசெம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தொடங்கிய பிரசங்கமும் ஆண்டுக்கொரு விழாப்பேச்சன்று, வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது.

ஆகவே கிழமைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவோமாக. முதலில் அருகே இருக்கும் தோழனுக்கு மட்டும், தந்தை வாவியில் வலைவீசிய கதையையோ வயலில் யானை புகுந்த கதையையோ சொல்லட்டும், பின்னர் ஐவருக்கு, அதன்பின் வகுப்புக்கு. எழுதிய தாள் வேண்டா. இரண்டு மூன்று குறிப்புகள் போதும். தடுமாறினால் தோழன் சொல்லெடுத்துக் கொடுக்கவேண்டும். சிரித்தவனே அடுத்து எழுந்து பேசவேண்டும். (இவ்விதியால் சிரிப்பு வெகுவிரைவில் அடங்கிவிடும்.)

உயர்வகுப்பினர்க்கு மட்டும் ஆசிரியர் முன் பேசுதல் போதாது. அம்முகம் பழகிய முகம். கச்சேரியிலும் வங்கியிலும் கடமையாற்றும் பழைய மாணவர் மாதம் ஒருமுறை வந்து, மேசைக்கு எதிரே அமர்ந்து, நேர்முகப் பரீட்சகராய் இவர்களை வினவுவார்களாயின் பேருதவியாகும். வெள்ளி பிற்பகல் எமக்கு வசதியானது.