'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் நகைச்சுவை உத்திகளும் காதலின் காரணமின்மையும்

முன்னுரை

ஷேக்ஸ்பியர் 1595–96ஆம் ஆண்டுகளையொட்டி இயற்றியதாகக் கருதப்பெறும் 'நடுவேனில் இரவுக் கனவு' 1600இல் முதன்முதலாக அச்சேறியது. காதல் அறிவுக்குக் கட்டுப்படாதது என்பதே இந்நாடகத்தின் கருத்தாகப் பொதுவாகச் சுட்டப்பெறுகிறது. அது சரியெனினும் முழுமையானதன்று. காரணமின்றி மாறிய மனத்திற்குக் காதலர் பின்னர்க் காரணம் கற்பிப்பதே இந்நாடகத்தில் நகைப்பின் ஊற்றாக அமைகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன் நான்கனுள் பேதைமையையும் ஒன்றாக எண்ணும். இங்குப் பேதைமை எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை நான்கு உத்திகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒத்த பாத்திரங்கள்

ஏதென்ஸ் நகரத்து ஈஜியஸ், தன் மகள் ஹெர்மியா டெமிட்ரியஸை மணக்க வேண்டும் என வற்புறுத்துகிறான். அவளோ லைசாண்டரை விரும்புகிறாள். தந்தை சொல்லை மீறினால் சாவு அல்லது கன்னிமாட வாழ்வு என்கிறான் மன்னன் தீசியஸ். குடிப்பிறப்பிலும் செல்வத்திலும் தான் டெமிட்ரியஸுக்கு நிகரானவன் என்று லைசாண்டர் வாதிடுகிறான். பிரித்தறிய அரிய இருவருள் மகள் ஒருவனையும் தந்தை மற்றவனையும் தேர்வதற்குப் புறக்காரணம் ஏதும் புலப்படவில்லை. ஆகவே காரணமின்மை காதலர்க்கு மட்டும் உரியதன்று. சட்டத்தின் துணைகொண்ட தந்தையின் விருப்பமும் அத்தகையதே.

ஆள்மாறாட்டம்

உறங்குவோர் இமையில் பிழிந்தால், விழித்தவுடன் காணும் உயிரின்மேல் காதல் கொள்ளச் செய்யும் மலர்ச்சாற்றை டெமிட்ரியஸின் கண்ணில் இடுமாறு பக் என்னும் தன் ஏவலனைப் பணிக்கிறான் வனதேவதைகளின் அரசன் ஓபரான். ஏதென்ஸ் உடையே அவன் கூறும் அடையாளம். பக் அவ்வடையாளத்தை நம்பி லைசாண்டரின் கண்ணில் சாற்றை இடுகிறான். விழித்த லைசாண்டர் ஹெலெனாவைக் கண்டு காதல் கொள்கிறான்; தன் அறிவு முதிர்ந்து, அதுவே தன்னை அவளிடம் வழிநடத்தியதாகவும் விளக்குகிறான். சாற்றின் செயலை அவையோர் அறிவர், அவன் அறியான். இவ்வறிவு வேறுபாடே நகையை விளைவிக்கிறது. டெமிட்ரியஸ் முன்பே ஹெலெனாவைக் காதலித்துப் பின் கைவிட்டவன். அதற்கு எந்தச் சாறும் தேவைப்படவில்லை. எனவே மலர்ச்சாறு மனத்தின் இயல்பான பிறழ்ச்சியை ஓரிரவுக்குள் சுருக்கிக் காட்டும் நாடகக் கருவியே ஆகும்.

பொருந்தா இணை

ஓபரானின் அரசி டைட்டானியா, கழுதைத் தலை பெற்ற நெசவாளன் பாட்டத்தின்மீது மயங்குகிறாள். அவள் செய்யுளில் அவனது அழகையும் அறிவையும் போற்றுகிறாள். அவன் உரைநடையில் விடையிறுக்கிறான். நடை வேற்றுமை பொருத்தமின்மையை மேலும் கூர்மையாக்குகிறது. எனினும், தன்னைக் காதலிக்க அவளுக்குத் தக்க காரணம் இல்லை என்றும், அறிவும் காதலும் இக்காலத்தில் ஒன்றாக உறைவது அரிது என்றும் கூறுபவன் பாட்டமே. உயர்குடி இளைஞர்க்கு எட்டாத தெளிவு கழுதைத் தலையனிடம் வெளிப்படுவது இந்நாடகத்தின் கூரிய முரணாகும்.

உள்நாடகப் பகடி

மூன்று திருமணங்களின் விழாவில் பாட்டமும் தோழர்களும் பிராமஸ்–திஸ்பி கதையை நடிக்கின்றனர். ஓவிட் கூறிய இக்கதையில் பெற்றோர் தடையால் இணைய இயலாத காதலர், இரத்தக்கறை படிந்த ஆடையைத் தவறாக உணர்ந்ததன் விளைவாக மடிகின்றனர். ஹெர்மியாவும் லைசாண்டரும் காட்டிற்கு ஓடிய செயலும் இவ்வாறே முடிந்திருக்கக்கூடும். ஆனால் லைசாண்டரும் டெமிட்ரியஸும் நடிப்பின் குறையை எள்ளுகின்றனரேயன்றித் தம் கதையை அதில் காணவில்லை. இறுதி அங்கத்தில் ஹெர்மியாவும் ஹெலெனாவும் ஒரு சொல்லும் பேசாதிருப்பது இந்நகைப்பின் நடுவே கருதத்தக்கது.

முடிவுரை

டைட்டானியா, லைசாண்டர் ஆகியோரின் மயக்கம் நீக்கப்பெறுகிறது. டெமிட்ரியஸின் மயக்கம் நீக்கப்பெறவில்லை. அவனோ தன் மாற்றத்தை, நோய் நீங்கி இயல்பான சுவை மீண்டதாக விளக்குகிறான். லைசாண்டர் காட்டில் செய்த அதே தவற்றை இவன் மணநாளன்று செய்கிறான்; அவையோரும் அதை மகிழ்வுடன் ஏற்கின்றனர். ஆகவே இந்நாடகம் காட்டும் பேதைமை காரணம் அறியாமை மட்டுமன்று; அவ்வறியாமையை அறிவெனக் கொள்வதுமாகும். இன்பமான முடிவு நீக்கப்படாத ஒரு மயக்கத்தின்மீது நிற்பதால், நகைப்பவரும் அப்பேதைமைக்கு அயலாராக இயலாது.