இருவீச்சு எஞ்சினின் எதிர்காலம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

நீலப்புகையைக் கக்கிக்கொண்டு, ‘பட பட’வென்ற ஓசையோடு விரைந்த மொபெட்டை அறியாதார் நம்மில் இலர். பட்டறைகளில் டூ-ஸ்ட்ரோக் என்று வழங்கும் இருவீச்சு எஞ்சினே அதன் இதயமாகும். இன்று நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய மோட்டார் சைக்கிள்களில் அதனைக் காண்பதற்கில்லை. அதன் காலம் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைப்பும் இயக்கமும்

ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-இல் நான்குவீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டினார். உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம் ஆகிய நான்கும் முடிய, அதில் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான டூகால்ட் கிளார்க் 1881-இல் காப்புரிமை பெற்ற இருவீச்சு எஞ்சினிலோ, ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு உண்டு. பின்னர் ஜோசப் டே, கிராங்க் பெட்டியையே பம்பாகப் பயன்படுத்தும் எளிய வடிவத்தைத் தந்தார். எடை குறைவு, உறுப்புகள் குறைவு, விலையும் குறைவு. எனவே அது ஏழை எளியோரின் வாகனத்தில் இடம்பெற்றது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளும் இவ்வகையினவே.

குறை எங்கே?

பிஸ்டன் கீழே இறங்கியதும் வெளியேற்றத் துளையும் உட்புகும் துளையும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும். புதிதாகப் புகும் பெட்ரோல் கலவைதான் பழைய புகையை வெளியே தள்ள வேண்டும். அப்போது அக்கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு போய்விடும். இவ்விழப்பு சில நிலைகளில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டும். பெட்ரோலோடு கலந்த எண்ணெயும் எரிந்து புகையாகும்.

என் தந்தையார் கீரைக்கட்டு ஏற்றிச் சென்ற பழைய மொபெட்டின் பின்னால் அமர்ந்து அப்புகையைச் சுவாசித்தவன் நான். அன்றாட வருவாயில் வாங்கிய பெட்ரோலில் ஒரு பங்கு வீணே காற்றில் கலந்தது என்பதை வகுப்பில் இப்பாடத்தைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். புகைக் கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகி, 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 நடைமுறைக்கு வந்தது. நம் சாலைகளில் புதிய இருவீச்சு மோட்டார் சைக்கிளுக்கு அத்துடன் வழி அடைபட்டது.

கனரக வண்டிகளில்

டீசல் எஞ்சினில் நிலைமை வேறு. அங்கே புகையைத் தள்ளுவது வெறும் காற்று. துளைகள் மூடிய பிறகே எரிபொருள் பீச்சப்படுவதால் அது தப்பிச் செல்ல வழியில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் வெளியிட்ட 71 வரிசை இருவீச்சு டீசல் எஞ்சின்கள் பல்லாண்டுகள் லாரிகளையும் பேருந்துகளையும் இழுத்தன. ஆயினும் காற்றை ஊதும் கருவியே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கியது. எண்ணெய்ச் செலவும் மிகுதி. 1987-இல் வந்த 60 வரிசை நான்குவீச்சு எஞ்சின் படிப்படியாக அவற்றின் இடத்தைப் பிடித்தது.

ஆனால் கடலில் இருவீச்சே இன்றும் அரசோச்சுகிறது. 2006-இல் கடலில் இறங்கிய எம்மா மெர்ஸ்க் கப்பலின் 14 உருளை எஞ்சின் ஒரு லட்சம் குதிரைத்திறனுக்கும் மேல் தருவது. அத்தகைய எஞ்சின்களின் பயனுறுதிறன் ஏறத்தாழ 50 சதவீதம்!

எதிர்காலம்

ஓர் உருளைக்குள் இரு பிஸ்டன்கள் எதிரெதிரே இயங்கும் இருவீச்சு எஞ்சினை, பிரிட்டனின் காமர் லாரிகள் 1954-லேயே பயன்படுத்தின. இதில் உருளைத்தலை இல்லாததால் வெப்ப இழப்பு குறைவு. இம்முறையை அமெரிக்காவின் அக்கேட்டிஸ் பவர் நிறுவனம் புதுப்பித்து, 3 உருளைகளும் 6 பிஸ்டன்களும் கொண்ட 10.6 லிட்டர் டீசல் எஞ்சினாக லாரியில் பொருத்திச் சோதித்தது. துளைகளைக் கடக்கும் பிஸ்டன் வளையங்களின் தேய்மானமும் எண்ணெய்ச் செலவுமே இவ்வகையில் வெல்லப்பட வேண்டிய தடைகள். மோட்டார் சைக்கிளிலோ, 2017-இல் கே.டி.எம். நிறுவனம் காட்டுப்பாதைப் பந்தய வண்டிகளில் பெட்ரோலைப் பீச்சும் முறையைக் கொணர்ந்தது. எனினும் அன்றாடச் சாலையில் மின்சார வண்டி முந்திக்கொண்டுவிட்டது.

ஆகவே, மோட்டார் சைக்கிளில் இருவீச்சு எஞ்சினுக்குப் பந்தயக் களமே எஞ்சும். லாரியில் அதற்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. கப்பலில் அது நிலைபெற்றுவிட்டது. தோற்றது தத்துவமன்று, எரிபொருளையே துடைப்பமாக்கிப் புகையைப் பெருக்கிய முறைதான் தோற்றது. ஒரு கருவியைப் பழையதென்று ஒதுக்குமுன், அதன் குறை தத்துவத்திலா, பயன்படுத்திய முறையிலா என்று பிரித்தறிவதே அறிவியல் மாணவரின் கடமையாகும்.