பொருத்தமே முதன்மை

விலையுயர்ந்த உறுப்புகளை ஒன்றுசேர்ப்பதால் மட்டும் நல்ல மேசைக்கணினி உருவாகிவிடாது. அவை ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். முதலில் கணினியின் பயன்பாட்டை வரையறுத்து, அதற்கேற்ற செயலியைத் தெரிவு செய்தல் வேண்டும். செயலி அமரும் பொருத்துவாயே தாய்ப்பலகையை முடிவுசெய்கிறது. சான்றாக, ஏஎம்டி நிறுவனம் 2022இல் அறிமுகப்படுத்திய ஏஎம்5 பொருத்துவாய் 1718 தொடுமுனைகளைக் கொண்டது. அதற்குரிய செயலி, 1331 துளைகளையுடைய ஏஎம்4 பொருத்துவாயில் அமராது. டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இருவகை நினைவகங்களுக்கும் 288 தொடுமுனைகளே. எனினும், அவற்றின் வெட்டுப்பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்றற்குரிய செருகிடத்தில் மற்றொன்று நுழையாது. இறுதியாக, உறுப்புகள் அனைத்தின் மின்தேவையையும் கூட்டி, அதனினும் மிகுந்த திறனுடைய மின்வழங்கியைக் கொள்ளுதல் நலம். தரமற்ற மின்வழங்கி பழுதுற்றால், பிற உறுப்புகளையும் சிதைக்கக்கூடும். ஆதலால், அதில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.