குழாய் பதிக்கும் முன்பே கட்டும் பணம்

அன்பு மகளுக்கு,

'வீட்டு வரிதான் வருஷா வருஷம் கட்டுகிறோமே, பாதாள சாக்கடைக்கு டெபாசிட் வேறு எதற்கு?' என்று நகராட்சி நோட்டீசைப் பார்த்து உன் அப்பா கோபப்பட்டதாக எழுதியிருந்தாய். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. நீதான் அவனுக்குக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

சொத்து வரியில் ஒரு பங்கு குடிநீர், வடிகால் நிதிக்குப் போகிறது. அன்றாடப் பராமரிப்புக்கே அது இழுத்துப் பறிக்கும். தெருத்தெருவாகத் தோண்டிக் குழாய் பதிக்கவும், பள்ளத்தில் சேரும் கழிவுநீரை மோட்டார் வைத்து மேலேற்றவும், சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் அதில் பணம் இருக்காது.

அந்தப் பணம் எப்படித் திரளும் என்பதற்குச் சென்னையின் ஆலந்தூரைப் பார். நங்கநல்லூர், ஆதம்பாக்கம், பழவந்தாங்கல் எல்லாம் முன்பு ஆலந்தூர் நகராட்சியில் இருந்தவை. 2011-இல்தான் அந்த நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 1990-களின் பிற்பாதியிலும் அங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி, முழுப் பணத்தையும் அரசு தரட்டும் என்று காத்திருக்கவில்லை. மக்களிடமே முன்பணம் கேட்டார். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனங்களுக்கு 10,000. மண்ணில் ஒரு குழாய்கூட இறங்காத நேரத்தில் கேட்ட பணம் அது, அன்றைக்குச் சின்னத் தொகையும் இல்லை. குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின.

திட்டச் செலவு சுமார் 34 கோடி ரூபாய். மக்கள் பணம் போக, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது, திருப்பிக் கட்ட இவர்களால் முடியுமா என்பதைத்தான். முன்பணம் கட்டிய வீடுகள் நாளைக்கு மாதக் கட்டணமும் கட்டும் என்ற நம்பிக்கை அந்த ரசீதுகளில் இருந்தது. என்னைக் கேட்டால், திரண்ட தொகையைவிட அந்த நம்பிக்கைதான் பெரிது.

மாதக் கட்டணத்தை வீட்டுக்கு 150 ரூபாய், வணிகத்துக்கு 450, தொழிற்சாலைக்கு 750 என்று வைத்தார்கள். கடன் தவணை, மின்சாரம், ஆட்களின் சம்பளம், சுத்திகரிப்பு எல்லாம் அதிலிருந்துதான். பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் தன் பணத்தில் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைப்பதாக ஒப்பந்தம். கழிவுநீர் குறைவாக வந்தாலும், குறைந்தபட்ச அளவுக்கான தொகையை நகராட்சி கொடுத்தாக வேண்டும். அதனால் இணைப்பு எடுக்காத ஒவ்வொரு வீடும் நகராட்சிக்கு நஷ்டம்.

இது ஆலந்தூருக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. ஒரு தெருவில் பத்து வீடு சேர்ந்தாலும் நூறு வீடு சேர்ந்தாலும் குழாய்க்கு ஆகும் செலவு ஒன்றுதான். போதிய தண்ணீர் ஓடாத குழாயில் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். கோடிக்கணக்கில் செலவழித்து முடித்த பிறகும் இணைப்பு எடுக்காமல் இருக்கும் வீடுகள் உண்டு. காரணம் பிடிவாதம் என்று சொல்லிவிடாதே. டெபாசிட் கட்டினால் மட்டும் போதாது. கழிப்பறையிலிருந்து தெருத் தொட்டி வரை தரையை உடைத்துக் குழாய் போட, பிளம்பர் கூலி சேர்த்து, இன்னொரு பெருஞ்செலவு வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. அதற்கும் தவணை வசதி செய்துதராமல் ஏழைகளிடம் நோட்டீஸ் நீட்டுவது தவறு. ஓட்டு வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே டெபாசிட் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பல நகராட்சிகள் இப்போது கட்டடப் பரப்பளவைப் பார்த்துத் தொகை வைக்கின்றன, அதுதான் முறை.

இணைப்பு இல்லாத வீட்டின் செப்டிக் டேங்க் நிரம்பினால் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் இறக்குகிறார்கள், இன்னும் விஷவாயுவில் சாகிறார்கள். இந்தக் கணக்கையெல்லாம் உனக்கு எழுதுவது அதற்காகத்தான்.

அப்பாவைப் பணத்தைக் கட்டச் சொல், ரசீதைப் பத்திரமாக வை. நகராட்சி பட்ஜெட்டில் குடிநீர், வடிகால் நிதிக்குத் தனிக் கணக்கு இருக்கும்; அதை வாங்கிப் படி. உங்கள் வார்டில் எத்தனை வீடுகள் டெபாசிட் கட்டின, அவற்றில் எத்தனைக்கு இணைப்பு கிடைத்தது என்று கவுன்சிலரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா