புகைக்கரியில் பதிந்த அதிர்வு

கேள்வி: மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்பு அதிர்வையும் ஒலியையும் எவ்வாறு அளந்தார்கள்?

பதில்: அதிர்வைத் தன் வடிவத்தைத் தானே வரையச் செய்வது ஒரு வழியாக இருந்தது. 1857-இல் பாரிஸில் எதுவார்-லெயோன் ஸ்காட் காப்புரிமை பெற்ற ஃபோனாட்டோகிராஃப் கருவியில், கூம்பின் வழியே வந்த ஒலி ஒரு சவ்வை அதிரச் செய்ய, அதனோடு இணைந்த மெல்லிய மயிர்முள், புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையின்மேல் அலைக்கோட்டைக் கீறிச் சென்றது. கையால் சுழற்றப்பட்ட உருளையின் வேகம் சீராக இராது என்பதால், அதிர்வெண் (ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை) முன்பே அறியப்பட்ட இசைக்கவையின் கோட்டையும் அருகிலேயே பதித்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிட முடிந்தது.

இயந்திரக்கூடங்களில் பெரிதும் பயன்பட்டது நாக்கு அதிர்வுமானி. நீளத்தில் சிறிது சிறிதாக வேறுபடும் எஃகு நாக்குகளை வரிசையாகக் கொண்ட இக்கருவியை ஓடும் இயந்திரத்தின்மேல் வைத்தால், அதன் அதிர்வெண்ணோடு இயல்பாகவே பொருந்தும் நாக்கு மட்டும் பெரிதாக ஆடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். சுற்றுக்கு ஒருமுறை அதிரும் இயந்திரத்தில் 50 எனக் குறித்த நாக்கு ஆடினால், அந்த இயந்திரம் நிமிடத்திற்கு 3000 முறை சுழல்கிறது என்பது பொருள்.

பின்னர் மின்வழி அளவீடு வந்தபோது, ஒலியின் செறிவை நம்பத்தக்க அளவாக மாற்றியது, அமெரிக்காவில் வென்ட் என்ற இயற்பியலாளர் உருவாக்கி 1917-இல் விவரித்த மின்தேக்கி ஒலிவாங்கி. இறுக இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுத் தகடு ஒலியழுத்தத்தால் அசையும்போது, அதற்கும் பின்தகட்டுக்கும் இடையிலான மின்தேக்கம் மாறி, அம்மாற்றம் மின்னழுத்தமாக வெளிப்பட்டது. செவியின் மதிப்பீட்டை எண்ணாக மாற்றிய இம்முயற்சிகளே இன்றைய இயந்திரப் பராமரிப்பு அறிவியலுக்கு அடித்தளமாயின.